என் மூச்சுக்கு அவர் மீசை

விக்கிரவாண்டியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் சாப்பிடப் போனார்கள். திண்டிவனத்தில் ஏறிய நான், ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, சாலையோர ஓட்டல் ஒன்றின் வாசலில் டீ சொன்னேன். சித்திரை வெயில். பரோட்டாக் கல்லின் சூடும் லாரிகள் கிளப்பிய புழுதியும் சேர்ந்து முகத்தில் அடித்தன.

கல்லாவில் இருந்தவர் டேப்ரெக்கார்டரில் கேசட்டை மாற்றினார். வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் முதலில் உஸ்ஸென்ற சத்தம். பிறகு கனமான, உருண்டையான ஒரு குரல் மோகனத்தில் மெதுவாக இறங்கி வந்தது. யூஃபோனியம்.

யாரோ நன்றாக வாசிக்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினேன். அந்த ஆள் மூச்சு எடுக்கும் இடமெல்லாம் நான் எடுக்கும் இடம். இரண்டாவது சரணத்தின் தொடக்கத்தில் ஸ்வரம் விக்கல் போல உடைந்து, உடனே ஒட்டிக்கொண்டது. அந்த விக்கல் எனக்குத் தெரியும். அதற்குக் காரணமானவன் என் இடுப்பில் உட்கார்ந்து, டீ கிளாஸைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

கல்லாக்காரரிடம் போனேன்.

"இது யாரு வாசிச்சதுங்க?"

"வேதமுத்து மாஸ்டரு. நம்ம விழுப்புரத்துக்காரருதான். இன்னாமா ஊதறாரு, கேட்டியா?" என்று கேசட் அட்டையை எடுத்து நீட்டினார்.

அட்டையில் வேதமுத்து மாஸ்டர் சிவப்புக் கோட்டும் முறுக்கிய மீசையுமாக நின்றார். அவர் கையில் இருந்தது நான் வாசிக்கும் யூஃபோனியம். அதன் வாய்விளிம்பில் இருந்த நசுங்கல்கூடப் படத்தில் தெரிந்தது. என் பேர் எங்கும் இல்லை. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில், சைடு டிரம்: அந்தோணி.

அந்தோணி என் கணவர்.

மூட்டைகளுக்கு நடுவில்

யூஃபோனியம் என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருக்கிறார். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் போகும்போது, கைக்குழந்தையைத் தூக்கி அணைத்த மாதிரி ஒரு பெரிய பித்தளை வாத்தியத்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து ஒருவர் வருவார் அல்லவா, அதுதான். அவரை யாரும் பார்ப்பதில்லை. பாட்டை டிரம்பெட்காரரும் கிளாரினெட்காரரும் எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு மிஞ்சுவது அடியில் பொம் பொம் என்று தாங்கிக்கொண்டு வரும் வேலை.

எனக்கு அந்த வாத்தியம் கிடைத்ததே, வேறு யாரும் அதை வாங்கிக்கொள்ளாததால்தான்.

என் அப்பாவும் அம்மாவும் திண்டிவனம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போனவர்கள். என்னைக் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் சேர்த்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பழைய வாத்தியங்கள் ஒரு பெட்டி நிறைய அங்கே வந்தன. தேர்ப் பவனிக்குப் பெண்பிள்ளைகளே பேண்டு வாசித்தால் என்ன என்று சிஸ்டர்களுக்கு ஆசை. சின்ன வாத்தியங்களுக்குப் போட்டி நடந்தது. பெரியதைத் தூக்கத் தெம்புள்ளவள் நான். எந்த விரலுக்கு எந்த ஸ்வரம் என்று போட்ட ஒரு தாளோடு அதை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சத்தம் வகுப்புக்குக் கேட்கக் கூடாது என்பதால், விடுதியின் மல்லாட்டை மூட்டைகள் அடுக்கிய அறையில்தான் பழக வேண்டும். அந்த மூட்டைகள் சத்தத்தை அப்படியே குடித்துவிடும். முரட்டுத்தனமாக ஊதினால் ஒன்றும் திரும்பி வராது. மெதுவாக, உதட்டை இறுக்காமல், அடிவயிற்றிலிருந்து ஒரே சீராக மூச்சை விட்டால் மட்டும் அந்த ஸ்வரம் மார்புக்குள் அதிரும். நாலு வருஷம் அந்த அறையில் பழகினேன். என் வாசிப்பு மெல்லிசாக இருக்கிறது, பெண்பிள்ளை என்பதால் அப்படி என்று பின்னாளில் சொன்னார்கள். பெண்பிள்ளை என்பதால் இல்லை, ஐயா. மூட்டைகளால்.

ஊருக்குள் விசேஷம் என்றால் ஸ்பீக்கர் கட்டி நாதஸ்வர இசைத்தட்டு போடுவார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து பித்தளையில் தேடுவேன். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர்கள் வழுக்கிப் போகிறார்கள். என் வாத்தியத்தில் இருப்பதோ மூன்று பிஸ்டன். அமுக்கினால் ஒரு ஸ்வரம், விட்டால் ஒரு ஸ்வரம், நடுவில் வழியில்லை. ஒரு நாள் பிஸ்டனைப் பாதியில் நிறுத்தினேன். சளி பிடித்த தொண்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தச் சளியை உதட்டால் கரைத்துக் கமகம் ஆக்க எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. எனக்கு யாரும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அகம்பாவம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, இங்கே எழுதி வைக்கிறேன். ஏன் எழுதுகிறேன் என்று கீழே புரியும்.

அவர்கள் கேட்ட கேள்விகள்

கல்யாணமாகி விழுப்புரம் வந்தேன். கணவர் வேதமுத்து மாஸ்டரின் பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்தார். அங்கே யூஃபோனியம் ஊதியவருக்குக் குடலிறக்கம் என்று டாக்டர் ஊதவே கூடாது என்றுவிட்டார். ஒரு முகூர்த்தத்துக்கு ஆளில்லாமல் மாஸ்டர் தவித்தபோது, "எங்க ஊட்ல ஊதுவாங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். புடவைக்கு மேல் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். மூன்றே மாதத்தில் ரிசப்ஷன்களில் எனக்குத் தனியாக அரை மணி நேரம் என்று ஆயிற்று. ஆனந்த பைரவியில் ஒரு தாலாட்டை, வாத்தியத்தின் வாயில் துண்டை மடித்துச் செருகி, பக்கத்து அறையிலிருந்து வருவது போல ஊதுவேன். சாப்பிட எழுந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

உட்கார்ந்து கேட்டவர்கள் பிறகு வந்து என்ன கேட்டார்கள் தெரியுமா?

"பல்லு வலிக்காதா?"

"வயிறு இறங்கிடாதா?"

"உம் புருஷன் ஒத்துக்கினாரா?"

அந்த ராகம் என்ன என்று ஒருவர் கேட்கவில்லை. அப்போதுதான் கல்யாணங்களுக்கு வீடியோக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கண் கூசும் விளக்கை என் உதட்டருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நகரவில்லை. வாசிப்பை நிறுத்தினேன். "விளக்க எடுங்க, வாசிக்கறேன்" என்றேன். பேண்டுக்காரிக்கு இவ்வளவு திமிரா என்று மாப்பிள்ளை வீட்டார் மாஸ்டரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். மாஸ்டர் என்னைத் திட்டினார். விளக்கு மட்டும் அங்கேயே இருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வாசிக்க இடம் கிடைக்கிறதே என்ற ஒரே காரணம்தான்.

மெத்தை அடைத்த அறை

மாஸ்டருக்குக் கேசட் ஆசை வந்தது. பழைய பக்திப் பாடல்கள் எட்டு, யூஃபோனியத்தில். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. ஜன்னல்களில் மெத்தையை அடைத்து, சத்தம் வரும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஏழாம் மாதம். வாத்தியத்தின் அடிப்பாகம் வயிற்றின் மேலேயே உட்கார்ந்தது.

ஐந்தாவது பாட்டில், இரண்டாம் சரணம் எடுக்கும்போது உள்ளே இருந்தவன் வாத்தியத்தை ஓர் உதை விட்டான். மூச்சு தடுக்கி ஸ்வரம் உடைந்தது. "மறுபடி எடுக்கலாம் மாஸ்டர்" என்றேன்.

"வுடுமா. யாருக்குத் தெரியப்போவுது? ஜல்தியா முடி, ரூமு வேற ஆளுக்குக் குடுத்திருக்காங்க" என்றார்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். மஞ்சள் காமாலை வந்து எழுந்திருக்க முடியாமல் அங்கேயே மாதக்கணக்கில் தங்கிவிட்டேன். பார்க்க வரும்போதெல்லாம் கணவரிடம் கேட்பேன். "டேப்பு கெட்டுப் போச்சாம்" என்றார். நம்பினேன். விக்கிரவாண்டியில் அந்த டீயை வாங்கும் வரைக்கும் நம்பினேன்.

அட்டையில் ஒரு பேர்

விழுப்புரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், வாசலில் டிரம்களைத் தொங்கவிட்டிருந்த மாஸ்டரின் கடைக்கு நேராகப் போனேன். கேசட் அட்டையை மேஜை மேல் வைத்தேன். ஓட்டல்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

"இது இன்னா மாஸ்டர்?"

அவர் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "உக்காரு லூர்து. புள்ள நல்லா இருக்குதா?" என்றார்.

"இதுல ஊதனது யாரு?"

"நீதான். இல்லன்னு யார் சொன்னா? ஆனா சாமிப் பாட்டு கேசட்டுல பொம்பள படத்தப் போட்டா எவன் வாங்குவான் சொல்லு. ரெக்கார்டு டான்ஸுன்னு நெனச்சிக்குவான். உன் நல்லதுக்குத்தான்."

"படம் வேணாம் மாஸ்டர். பேரு?"

"லூர்து மேரின்னு போட்டா பொம்பளன்னு தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நீயே வந்ததும் நல்லதாப் போச்சு. திண்டிவனத்துல கடைக்காரங்க சேந்து விழா வெக்கிறாங்க. கேசட்டு கேட்டுட்டு என் தனி வாசிப்பு வேணும்ங்கறாங்க. எனக்கு டிரம்பெட்டு ஆவும், இது ஆவாது. மேடையில பின்னாடி படுதா கட்டியிருப்பாங்க. நீ படுதாவுக்கு அந்தாண்ட உக்காந்து மைக்குல ஊது. நான் இந்தாண்ட புடிச்சிக்கினு நிக்கறேன்."

இதைச் சொல்லும்போது ஒரு கூச்சம் வேண்டாமா? பந்தல்காரரிடம் நாற்காலி எத்தனை என்று சொல்வது போலச் சொன்னார்.

வீட்டில் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அச்சடிக்கறதுக்கு முன்னாடி மாஸ்டர் கூப்ட்டு, பேரு எப்புடி எழுதறதுன்னு கேட்டாரு."

"எம் பேரு எங்கன்னு நீங்க கேக்கல?"

"கேட்டா வேலையவிட்டு எடுத்துடுவாரு. நீ வேற பச்ச ஒடம்புக்காரி, இதச் சொன்னா பேஜாராயிடும்னு..."

மாஸ்டர் என் நல்லதுக்காக மறைத்தாராம். இவர் என் உடம்புக்காக மறைத்தாராம். என் மேல் எத்தனை பேருக்கு எத்தனை அக்கறை பாருங்கள்.

திண்டிவனத்துக்கு வருகிறேன் என்று மறுநாள் சொல்லி அனுப்பினேன். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. யூஃபோனியம் மாஸ்டருடையது. அதைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு தரம் மடியில் வைத்தால் போதும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

படுதாவுக்குப் பின்னால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். படுதாவுக்குப் பின்னால் எனக்கு ஒரு மடக்கு நாற்காலியும் ஒரு மைக்கும். படுதாவில் இருந்த சின்னக் கிழிசல் வழியாக எனக்கு மாஸ்டரின் முதுகும், இடது பக்கம் டிரம்மோடு உட்கார்ந்திருந்த கணவரும், பாயில் நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களும் தெரிந்தார்கள். மாஸ்டரின் கையில் பிஸ்டன் இறுகிப்போன ஒரு பழைய யூஃபோனியம்.

அறிவிப்பாளர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "வேதமுத்து மாஸ்டர் அவர்கள் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில், மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து, யாருடைய துணையும் இன்றி இந்த அரிய வாத்தியத்தைக் கற்றுக்கொண்டவர்."

கூட்டம் கைதட்டியது.

கேசட்டை அவர் தன் பேரில் எடுத்துக்கொண்டபோதுகூட எனக்கு இப்படி இல்லை. என்றைக்கோ ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது அவரிடம் நான் சொன்ன கதை அது. அந்த அறையின் இருட்டையும், தூசியில் தும்மித் தும்மிக் கண் வீங்கியதையும் நான்தான் பட்டேன். அதையும் எடுத்துத் தனக்கு மாட்டிக்கொண்டாரே மனிதர். காது இரண்டும் கொதித்தன. உதட்டருகே கொண்டுபோன மவுத் பீஸை இறக்கி மடியில் வைத்தேன்.

மாஸ்டர் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். சத்தம் இல்லை. தோளை உயர்த்தி மறுபடி உப்பினார். இல்லை. படுதாப் பக்கம் திரும்பாமல், "ஊதுமா" என்று பல்லுக்குள் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். வேறு வழியின்றி அவரே ஊதினார். லாரி ஹாரன் மாதிரி ஒன்று வந்து பாதியில் அடங்கியது. பின்வரிசையில் சிரிப்பு. "மைக்கு சரியில்லப்பா" என்றார் ஒருவர்.

விழாக் குழுவைச் சேர்ந்த ஜவுளிக்கடைக்காரர் படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டேப்ரெக்கார்டரு நின்னுடுச்சா?"

"டேப்ரெக்கார்டரு நான்தாங்க."

என்னையும் மடியில் இருந்ததையும் பார்த்தார். ஒரு நொடியில் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் ஊதும்மா, நேரமாகிறது என்றார். மேடைக்கு வந்து ஊதுகிறேன் என்றேன். பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நோட்டீஸில் மாஸ்டர் பேர் போட்டாயிற்று, இப்போது பொம்பளையைக் கொண்டுவந்து நிறுத்தினால் நன்றாக இருக்காது என்றார். வெளியே போனார். இரண்டு நிமிடத்தில் மண்டபத்து ஸ்பீக்கர்களில் அந்த உஸ்ஸென்ற சத்தம். கேசட்டைப் போட்டுவிட்டார்கள். மாஸ்டர் வாத்தியத்தைத் தூக்கிப் பிடித்து விரலை அசைத்தார். கூட்டம் தலையாட்டிக் கேட்டது.

உயிரோடு நான் இங்கே இருக்கிறேன், வாத்தியம் மடியில் இருக்கிறது, இவர்களுக்குக் கேசட் போதும்.

எழுந்தேன். பக்கவாட்டுப் படியில் இறங்கிப் பெண்கள் பக்கம் போய், பாயில் கொஞ்சம் இடம் விடச் சொல்லி உட்கார்ந்தேன். கேசட்டில் போய்க்கொண்டிருந்த பாட்டை அதே இடத்தில் பிடித்து, அதற்கு மேல் ஊதத் தொடங்கினேன். ஒரு வருஷம் பழகாத உதடு எரிந்தது. முதல் அடியில் சுருதி கொஞ்சம் கீழே நின்றது. அடுத்த அடியில் சேர்ந்துவிட்டது.

மைக் செட்காரர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரையும் கேட்காமல் கேசட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட்டார். மைக் இல்லாமல், மூட்டைகள் இல்லாமல், அந்த மண்டபத்தில் நான் மட்டும் வாசித்தேன்.

மேடையில் மாஸ்டர் விரலை அசைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாத்தியத்தை இறக்கினார். என் கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டில்தான் டிரம் சேர்ந்தது. மூன்றாவது பாட்டில். அதற்காக இவரைப் பெரிய மனசுக்காரர் என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பாட்டில் சேர்ந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

பக்கத்தில் இருந்த நெல் மண்டிக்காரர் மனைவி கேட்டார். "அப்போ கேசட்டுல ஊதனதும் நீதானா?"

"ஆமாங்க."

"அந்தாளு படத்தப் போட்டுக்கினு இருக்காரு?"

"ஆமாங்க."

அந்த அம்மாள் பின்வரிசைக்குத் திரும்பி, பாதி மண்டபத்துக்குக் கேட்கும்படி அதை அப்படியே சொன்னார். அறிவிப்பாளர் அவசரமாக மைக்கைப் பிடித்து, "மாஸ்டர் அவர்களின் சிஷ்யை நம்மை மகிழ்வித்தார்" என்றார். சிஷ்யையாம்.

பிறகு

மாஸ்டர் மண்டபத்து வாசலிலேயே யூஃபோனியத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் இனி வேலை இல்லை என்றார். கணவர் கோட்டைக் கழற்றி மாஸ்டருடைய டிரம் மேல் வைத்தார்.

விடுதி சிஸ்டர்களிடம் போய்ப் பழைய வாத்தியத்தைக் கேட்டேன். எலி கடித்த உறையோடு கொடுத்தார்கள். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் விட்டு இரண்டு வாரம் பிஸ்டனைப் பழக்கினேன். மண்டிக்காரர் வீட்டு வளைகாப்புக்குத்தான் முதலில் என் பேரில் கூப்பிட்டார்கள். நோட்டீஸில் லூர்து மேரி என்று போடச் சொன்னேன். கூட ஒரு பட்டமும் போடலாமே என்று அச்சகத்துக்காரர் கேட்டார். பேர் மட்டும் போதும் என்றேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இந்தப் பக்கத்து ஊர்களில் அந்தப் பேரிலேயே வாசித்தேன்.

கேசட் அட்டை மாறவே இல்லை. மாஸ்டர் இருந்தவரைக்கும் அது அவர் மீசையோடுதான் விற்றது.

சில வருஷம் கழித்து அவர் இறந்தார். அவர் மகன் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். "அக்கா, ஊர்வலத்துல அப்பா கேசட்டுல இருக்கற பாட்ட நீங்க வந்து ஊதணும். நீங்க ஊதனாத்தான் அது மாதிரி இருக்கும்" என்றார்.

அப்பா கேசட் என்றுதான் சொன்னார். துக்க வீட்டுக்காரரிடம் என்ன சண்டை போடுவது? "மாஸ்டருக்காக ஜெபம் பண்றேன் தம்பி, வாசிக்க வரலை" என்றேன்.

ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. கணவர் போய்ச் சேர்ந்துகொண்டார். நான் வாசலுக்குக்கூட வரவில்லை. சாவிலும் மன்னிக்காதவள் என்று தெருவில் பேசினார்கள். மன்னிப்பதற்கு முதலில் ஒருவர் வந்து கேட்க வேண்டும். அவர் கடைசிவரை கேட்கவில்லை.